பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இக்காலக் குடும்பக் காரும்

வண்டிகளுள் இருவகை உண்டு என்பது நம் நாட்டார் மோட்டார் வருமுன்னரே நன்கறிந்த உண்மை. வேகம் ஒன்றையே கருதிச் செய்யப்பட்டது ரேக்ளா. வீட்டார் அனைவரையும் கருதிச் செய்யப்பட்டது வில்வண்டி. முன்னதில் ஓட்டுவோன் ஒருவனுக்கே இடம் அரிது. பாரம் மிகக் குறைவு. காளைகள் பறந்தால் வண்டியும் பறக்கும். பின்னதிலோ வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, முதியோரும் பிள்ளைகளும் பலகாரக் கூடையும் ஏறி அமர, வண்டி தன் போக்கில் அசைந்து செல்லும். ரேக்ளாவில் ஏறிப் பெண் பார்க்கச் சென்றாரும் இலர். வில்வண்டியைப் பந்தயத்திற்கு ஓட்டினாரும் இலர். அவ்வவ் வண்டிக்கு அவ்வப் பணி என்று நம் முன்னோர் தெளிந்திருந்தனர்.

மோட்டார் கார்களிலும் இவ்விரு வகை உண்டு. ஆயினும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் இக்காலக் குடும்பக் கார் ஒன்றையும் அருகருகே நிறுத்தினால், முன்னோர் கொண்ட தெளிவு நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. எது வேகமுடையது? எது சிறந்தது? எதில் நம் பிள்ளைகளை ஏற்றலாம்? இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல என்பதை அண்மையில் நாம் நேரிற் கண்டோம். அதனை நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோவாளைக்கு அணித்தானதோர் ஊரில் வாழும் நண்பர் ஒருவர், நம் கல்லூரியின் பழைய மாணவர், சென்ற விடுமுறையில் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார். அவர்தம் பாட்டனார் காலத்துப் பத்தாயப்புரையின் ஓரத்தில், சாக்குப் படுதாவின் கீழ், இருவர் அமரத்தக்க சிறு கார் ஒன்று பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்தது. மலைத்தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து பாட்டனார் விலைக்கு வாங்கிய எம்.ஜி. டி.சி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அது. நண்பர் பெரும்பொருள் செலவிட்டு அதனைப் பழுது நீக்கி ஓடச் செய்திருந்தார். முற்றத்தில் அதனருகே அவர் நாடோறும் ஓட்டும் மாருதி ஸ்விஃப்ட் கார் நின்றது. அவர்தம் எட்டு வயது மகளோ, "இனிமேல் பாட்டா வண்டியில்தான் பள்ளிக்கூடம் போவேன்" என்று பிடிவாதம் பிடித்துக் கொண்டிருந்தாள். "சார், கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் நண்பர். மனத்துள் அவருக்கும் மகளின் ஆசையே இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நாம் உடனே விடை கூறவில்லை. இரண்டு வண்டிகளையும் ஒருநாள் முழுதும் ஆராய்ந்தோம்.

முதலில் இவற்றின் குலத்தை ஆராய்வோம். ஸ்போர்ட்ஸ் கார் என்பது வானினின்று இறங்கியதோர் அரிய பிறவி என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. எம்.ஜி. என்னும் பெயரே ஆக்ஸ்ஃபோர்டு நகரில் இருந்த மோரிஸ் கராஜஸ் என்னும் விற்பனை நிலையத்தின் பெயரினின்று பிறந்தது. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன. அக்காரின் எஞ்சின், மோரிஸ் 10 என்னும் அமைதியான குடும்பக் காரின் எஞ்சினைச் சிறிது பெரிதாக்கியும் திருத்தியும் உண்டாக்கப்பட்டது. அந்த மோரிஸ் 10 தான் நம் நாட்டில், 1942-இல் தோன்றிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தாரால், குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் 10 என்னும் பெயருடன் பூட்டி இணைக்கப்பட்டது. ஆகவே, துரைமார் விரும்பிய ஸ்போர்ட்ஸ் காரும், நம் நாட்டுக் குடும்பங்கள் ஏறிச் சென்ற எளிய காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே கூறலாம்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரைச் செய்து வந்தனர். அது 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு காரே. முந்திய தலைமுறையில் மருத்துவரும் வழக்கறிஞரும் பேராசிரியரும் விரும்பி வைத்திருந்த கார் அது. அக்காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கித் திருத்தி, அதன்மேல் இருவர் அமரும் தாழ்ந்த உடலை ஏற்றி, 1962-இல் அந்நிறுவனத்தார் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். சென்னையிலே பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வண்டியும், லண்டனிலே இளைஞர் கழுத்துத் துணி பறக்க ஓட்டிய வண்டியும் ஒரே எலும்புக்கூட்டினின்று எழுந்தவை.

மூன்றாவது சான்று இன்னும் அண்மையது. 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மாருதி 800 வெளிவந்தது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அதன் சிற்றெஞ்சினைக் கோயம்புத்தூர்க் கரிவர்த்தன் என்பார் எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார் ஒன்றில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்பது அதன் பெயர். பெருஞ்செல்வர் அல்லாத இளைஞரும் பந்தயத்தில் இறங்க அது வழி செய்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்திற் பல்லாண்டுகள் நிகழ்ந்த பந்தயங்களும், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த பந்தயப் பாதையும் இத்தகைய வண்டிகளை வளர்த்தன. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனும் தம் இளமையில் ஃபார்முலா மாருதி ஓட்டியவரே.

இம்மூன்று சான்றுகளாலும் விளங்குவது யாதெனில், ஸ்போர்ட்ஸ் காரும் குடும்பக் காரும் பகைக்குலத்தன அல்ல, உடன்பிறந்தன என்பதே. குடும்பக் காரின் எஞ்சினைக் கடன்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் பிறக்கின்றது. பந்தயக் களத்திற் பெற்ற அறிவைக் குடும்பக் காருக்குக் கொடுத்து அது கடன் தீர்க்கின்றது. சான்றாக, இன்று ஏறத்தாழ ஒவ்வொரு காரின் முன்சக்கரத்திலும் உள்ள டிஸ்க் பிரேக் 1953-இல் ஃபிரான்சு நாட்டு லெ மான் நெடும்பந்தயத்தில் ஜாகுவார் கார்களிற் பொருத்தப்பட்டு வெற்றி தந்தமையாலேயே உலகின் கண்ணைக் கவர்ந்தது. பந்தயக்காரன் கண்டது பின்னர்ப் பள்ளிச் சிறுமிக்குப் பயன்பட்டது.

இனி, முற்றத்தில் நின்ற இரண்டு வண்டிகளையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிடுவோம்.

எஞ்சின் முதலாவது. டி.சி.யின் எஞ்சின் 1250 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. நான்கு உருளைகளும் இரண்டு கார்புரேட்டர்களும் உடையது. ஏறத்தாழ 54 குதிரைத்திறன் தருவது. 2024-இல் வெளிவந்த ஸ்விஃப்டின் எஞ்சினோ 1197 கன சென்டிமீட்டரே, உருளைகளும் மூன்றே, ஆயினும் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் தருகின்றது. சிறிய அடுப்பு பெரிய அடுப்பைக் காட்டிலும் மிகுதியாகச் சமைப்பது எங்ஙனம்? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை, உருளையினுள் எவ்வளவு இறுக்கி நெருக்கப்பட்டுப் பின் எரிகின்றதோ அவ்வளவு பயன் மிகும். டி.சி. அக்கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக நெருக்குகின்றது. இக்கால எஞ்சின்கள் பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே நெருக்கிவிடுகின்றன. பழங்காலப் பெட்ரோலில் அங்ஙனம் நெருக்கினால், கலவை உரிய காலத்திற்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டிக் கெடுக்கும். மேலும், கார்புரேட்டர் என்பது காற்றின் இழுப்பைக் கொண்டு பெட்ரோலை உத்தேசமாகத் தூவும் கருவி. இக்காலக் காரிலோ சிறு கணிப்பொறி ஒன்று காற்றின் அளவையும் வெப்பத்தையும் நொடிதோறும் பன்முறை அளந்து, வேண்டும் துளியை வேண்டும் நேரத்தில் மட்டும் பீச்சுகின்றது. ஆதலின் வீண் குறைவு, புகையும் குறைவு. டி.சி. ஒரு லிட்டர்ப் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும். ஸ்விஃப்ட் சோதனைக் கணக்கின்படி 24 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றது. சாலையில் அது குறையுமேனும், வேற்றுமை பெரிதே.

வேகத்திலும் வெற்றி புதியதற்கே. டி.சி. நின்ற நிலையினின்று மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 22 வினாடிக்கு மேற் கொள்ளும். ஸ்விஃப்டுக்கு அதிற் பாதியைச் சற்றே மிஞ்சிய நேரம் போதும். டி.சி.யின் உச்ச வேகம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். அது அன்று இளைஞர் மெய்சிலிர்க்கக் கூறிய எண். இன்று அதனைக் காய்கறிப் பையும் பள்ளிப் பையும் ஏற்றிய கார் எளிதிற் கடக்கும். "ஸ்போர்ட்ஸ் கார்" என்னும் பெயரால் மயங்குவோர் இதனை மனத்திற் கொள்க.

இரண்டாவது பிரேக். ஓடுவதினும் நிற்பதே பெரிது என்பது வண்டியோட்டிகளின் பழைய அறிவு. ஓடும் வண்டியில் அடங்கிய ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும் என்பதை நம் பௌதிக வகுப்பு மாணவர் அறிவர். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். ஆட்களையும் சேர்த்து 900 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் அதிலுள்ள ஆற்றல், முக்கால் லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெப்பநிலையினின்று கொதிநிலைக்கு ஏற்றப் போதியது. பிரேக்கை மிதித்தவுடன் அவ்வளவு வெப்பமும் சில வினாடிகளில் பிரேக்கினுள் பாய வேண்டும். டி.சி.யின் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை டிரம் பிரேக்குகள். மூடிய பானை போன்ற அவற்றினுள் வெப்பம் தங்கிவிடும். மீண்டும் மீண்டும் மிதித்தால் பிடி தளரும். டிஸ்க் பிரேக்கோ காற்றில் திறந்து நிற்பதால் விரைவில் ஆறும். மேலும், டி.சி.யின் பிரேக் எண்ணெய் ஒரே வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கின்றது. ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் கைவிடும். இக்காலக் காரில் அவ்வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருத்தலின், ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். ஈரச் சாலையில் சக்கரம் சுழலாமல் வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பும் 2019 முதல் நம் நாட்டுப் புதிய கார்கள் அனைத்திலும் சட்டப்படி இருத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பொழியும் நம் மாவட்டத்தில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது சக்கரமும் டயரும். டி.சி.யின் சக்கரங்கள் உயரமானவை. கம்பி ஆரங்களால் ஆகியவை. காண்போர் கண்ணைக் கவர்பவை. எனினும் அவற்றின் டயர் அகலம் 11 சென்டிமீட்டரைச் சிறிதே மிஞ்சும். ஸ்விஃப்டின் டயர் அகலம் குறைந்தது 16 சென்டிமீட்டர். ஒரு காரைச் சாலையோடு பிணைப்பவை உள்ளங்கையளவினவாகிய நான்கு ரப்பர்த் திட்டுகளே. எஞ்சினும் பிரேக்கும் எவ்வளவு சிறந்தவையாயினும் அத்திட்டுகள் இடங்கொடுக்கும் அளவே செயற்படும். டி.சி.யின் முன்சக்கரங்கள் இரண்டும் மாட்டுவண்டியிற் போல ஒரே அச்சினாற் பிணைக்கப்பட்டவை. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றொன்றும் சாயும். ஸ்விஃப்டின் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குவன.

நான்காவது உடல். டி.சி.யின் உடற்கூடு மரச்சட்டத்தால் ஆகியது. அதன்மேல் தகடு போர்த்தப்பட்டது. முன்கண்ணாடியை மடித்துத் தாழ்த்தி, காற்று முகத்தில் அறையச் செல்லலாம். கூரை துணியே. சீட் பெல்ட் இல்லை. ஸ்டியரிங் தண்டு ஈட்டி போல் ஓட்டுவோன் மார்பை நோக்கி நிற்கின்றது. பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னே வெளிப்புறத்திற் கிடக்கின்றது. இவற்றுள் எதுவும் அக்காலத்தார் செய்த குற்றமன்று. மூன்று முனைச் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்து நில்ஸ் போலின் என்பார் அமைத்தது 1959-இலேதான். மோதுங்கால் காரின் முன்பகுதி நசுங்கி, அடியின் ஆற்றலைத் தான் ஏற்று, உள்ளிருப்போரைக் காக்க வேண்டும் என்னும் கருத்தும் 1950-களிலேயே உருப்பெற்றது. முன்னோர் வலிய வண்டியே காக்கும் என்று நம்பினர். பின்னோர் உரிய இடத்தில் நசுங்கும் வண்டியே காக்கும் என்று கண்டனர். முட்டைகளை இரும்புப் பெட்டியில் அடுக்குவதினும் வைக்கோலில் பொதிவதே நன்று என்பதை நம் வீட்டுப் பெண்டிர் எக்காலத்தும் அறிந்திருந்தனர் அல்லரோ? ஸ்விஃப்டில் ஆறு ஏர்பேக்குகளும் எல்லா இருக்கைகட்கும் மூன்று முனைப் பெல்ட்டும் உள்ளன.

இதுகாறும் கூறியவற்றால் பழைய வண்டி எல்லா வகையிலும் தோற்றது என்று தோன்றும். அளவுகோலால் அளக்கத்தக்க எல்லாவற்றிலும் அது தோற்றதே. ஆனால் அளவுகோலுக்கு அகப்படாத சில உண்டு.

டி.சி.யின் எஞ்சின் மூடியைத் திறந்தால், ஒவ்வோர் உறுப்பும் தன் பணியைக் கண்முன்னே காட்டி நிற்கின்றது. கார்புரேட்டர் இது, மின்பொறியைப் பகிர்வது இது, தண்ணீர்க் குழாய் இது என்று பத்து வயதுச் சிறுவனுக்கும் விளக்கலாம். ஸ்பேனரும் திருப்புளியும் கொண்ட நம் ஊர்ப் பட்டறைத் தொழிலாளர் அதனைப் பிரித்துப் பூட்டுவர். ஸ்விஃப்டின் மூடியைத் திறந்தாலோ பிளாஸ்டிக் உறையே காணப்படும். நோயை அறிவதற்கும் கணிப்பொறி வேண்டும். பழையது தன்னை அறியுமாறு நம்மை அழைக்கின்றது. புதியது தன்னை மறந்திருக்குமாறு நமக்கு உதவுகின்றது. ஆயினும் நேர்மையாக மற்றதனையும் கூறுவோம். டி.சி.க்குச் சில நூறு மைலுக்கு ஒருமுறை பல இடங்களிற் கிரீஸ் இட வேண்டும். கடற்காற்றின் உப்பு அதன் தகட்டையும், மழை அதன் மரத்தையும் தின்னும். இப்போது பெட்ரோலிற் கலக்கப்படும் எத்தனால் அதன் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். ஸ்விஃப்டோ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கவனித்தாற் போதும் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று மாலை நண்பர் டி.சி.யை ஓட்ட, நாம் அருகமர்ந்து, ஆரல்வாய்மொழி வரை சென்றோம். அவர்தம் தம்பி ஸ்விஃப்டில் முன்னே சென்றார். கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. ஒருபுறம் மலை, ஒருபுறம் வயல். வேகமானியை நோக்கினால் 50 கிலோமீட்டரே. ஆனால் உள்ளமோ நூறு என்று கூறிற்று. எஞ்சினின் ஒலியும், பல்லிணை மாறுங்காற் கையில் உணரும் அதிர்வும், தரைக்கு ஒரு முழ உயரத்தில் அமர்ந்து செல்லும் உணர்ச்சியும் சேர்ந்து, அந்த ஐம்பதையே ஒரு விழாவாக்கின. இதுவே பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மெய்யான சிறப்பு என்று நாம் உணர்ந்தோம். அது வேகமான வண்டியன்று. வேகத்தை உணர்த்தும் வண்டி. உள்ள வேகத்தைச் சிறிதும் ஒளிக்காமல் ஓட்டுவோனுக்குச் சொல்லிவிடும் வண்டி.

திரும்புகையில் சிறு தூறல் விழத் தொடங்கிற்று. ஸ்விஃப்ட் முன்னும் நாங்கள் பின்னுமாக வருகையில், சாலையோரத்து வேலியினின்று ஆடுகள் சில திடீரெனக் குறுக்கே பாய்ந்தன. முன்வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. நண்பரும் அதே கணத்தில் மிதித்தார். டி.சி.யின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வண்டி வழுக்கிற்று. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தமையால், முன்வண்டியைத் தொடாமல், சாலையோர மண்ணில் இறங்கி, வாய்க்கால் விளிம்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றோம். எவருக்கும் தீங்கில்லை, ஆடுகட்கும் இல்லை. நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்ல, "சார், என் மகள் இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அன்றிரவு ஒரு தாளில் நாம் போட்ட கணக்கை ஈண்டுத் தருகின்றோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22 மீட்டர். புதிய கார் நன்கு பிரேக்கிட்டால் வினாடிக்கு வினாடி 8 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்றும், பழையது 5 மீட்டர் வீதமே குறைக்கும் என்றும் கொள்வோம். பிரேக்கு பிடித்த இடத்தினின்று புதியது 31 மீட்டரில் நிற்கும். பழையது 49 மீட்டரில் நிற்கும். பதினெட்டு மீட்டர்தானே வேற்றுமை என்று எண்ணற்க. புதிய வண்டி முற்றும் நின்றுவிட்ட அவ்விடத்தில் பழைய வண்டி இன்னும் மணிக்கு 49 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! அவ்விடத்தில் ஒரு மதில் இருந்தால், முதல் வண்டியில் இருந்தோர் இறங்கி நடந்து செல்வர். இரண்டாவது வண்டியில், பெல்ட்டும் இன்றி இருந்த குழந்தையின் நிலையை நாம் எழுதவேண்டுவதில்லை.

ஆயின், புதிய கார் வாங்கியோர் இதனைக் கேட்டு மகிழ்ந்து அமைந்துவிடலாமோ எனின், கூடாது. அவர்கட்கு உரிய எச்சரிக்கையும் இக்கணக்கிலேயே உள்ளது. இக்காலக் குடும்பக் கார் தன் வேகத்தை ஒளிப்பது. கண்ணாடியை ஏற்றிக் குளிர்காற்றை ஓடவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டு செல்வோனுக்கு 100 கிலோமீட்டரும் 50 போலவே தோன்றும். நூறில் ஓடும் புதிய கார், மேற்கூறிய கணக்கின்படி, நிற்பதற்கு ஏறத்தாழ 48 மீட்டர் கொள்ளும். எண்பதில் ஓடிய பழைய காரின் நிலையும் அதுவே! பொறிவல்லார் பல்லாண்டு முயன்று நமக்குத் தந்த காப்பினை, வலக்காலைச் சற்றே அழுத்தி நாமே அழித்துவிடுகின்றோம். நாகர்கோவிலினின்று கன்னியாகுமரிக்கு 20 கிலோமீட்டர். அவ்வழியை எண்பதில் ஓடாமல் நூறில் ஓடினால் மிஞ்சுவது மூன்று நிமிடமே. அம்மூன்று நிமிடத்தைக் கொண்டு நம் இளைஞர் செய்யப்போகும் பெருஞ்செயல் யாது?

நண்பர்க்கு நாம் கூறிய விடை இது: "வண்டியை விற்க வேண்டா. உம் பாட்டனாரின் வண்டி, நன்கு பேணுக. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மழையில்லாத நாளில், சாலையில் நெருக்கம் தொடங்குமுன், தனியே ஓட்டி மகிழ்க. மகளை முற்றத்தில் அதன் எஞ்சின் மூடியருகே நிறுத்தி, உறுப்பு உறுப்பாகக் கற்பித்துக் கொடுக்க. ஆனால் அவள் பள்ளிக்குச் செல்வது மற்ற வண்டியில், பெல்ட் பூட்டி." நம் நாட்டுச் சட்டமும் இக்கருத்தினதே. ஐம்பதாண்டுக்கு மேற்பட்டு, பழைய உருவம் மாறாத கார்களைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வகுத்தபோது, அங்ஙனம் பதிந்த வண்டிகளை நாடோறும் சாலையில் ஓட்டலாகாது என்றும் அவ்விதி வரையறுத்தது. பெரியோரைப் பேணும் முறையும் இதுவே அன்றோ? அவர்களைக் கொண்டாடுகின்றோம், அவர்கள் தோளில் மூட்டை ஏற்றுவதில்லை.

நண்பர் அவ்வாறே செய்து வருகின்றார். மகள் முதலில் அழுதாளாம். பின்னர்க் கார்புரேட்டரைத் தன் கையாற் கழற்றிக் கழுவக் கற்றுக்கொண்டபின், பள்ளிக்கு எவ்வண்டியிற் செல்வது என்னும் வழக்கை அவளே தள்ளிவிட்டாளாம். இப்போது பாட்டா வண்டி அவளுக்கு ஏறிச் செல்லும் வண்டியன்று, படிக்கும் புத்தகம்.

மாணவ நண்பர்காள்! முடிவாக இரண்டு சொற்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்னும் பெயரைக் கேட்டவுடன் வேகத்தை எண்ணாதீர்கள். வேகத்தை மறைக்காமல் உணர்த்தும் அதன் நேர்மையை எண்ணுங்கள். குடும்பக் கார் என்னும் பெயரைக் கேட்டவுடன் அதனை எளிதாக எண்ணாதீர்கள். எத்தனையோ பந்தயக் களங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் பெற்ற அறிவு அவ்வெளிய உருவினுள் அடங்கியிருப்பதை எண்ணுங்கள். பழையதனிடம் வேகத்தின் உண்மையைக் கற்று, புதியதன் காப்பில் அமர்ந்து, வீட்டில் நமக்காகக் காத்திருப்போரை நினைந்து ஓட்டுவோமாக. ரேக்ளா ரேக்ளாவாகவும் வில்வண்டி வில்வண்டியாகவும் இருப்பதே இரண்டிற்கும் அழகு.